அட்டையில் ஒரு பாறசாலை ஸ்டேஷன்

கொழும்பு, 12-6-1955

ஆனந்தத்துக்கு,

நான் சுகம். மழை கொட்டுகிறது, கடைக்கு ஆள் வரவில்லை, முதலாளி துரை மேசையில் தலை சாய்த்துத் தூங்குகிறார். அதனால் உனக்கு எழுத நேரம் கிடைத்தது. "நேரம் கிட்டினாத்தான் எழுதுவீங்களோ" என்று நீ முணுமுணுப்பது கடல் தாண்டி இங்கே கேட்கிறது.

செல்லபாய் அக்காவின் மாப்பிள்ளை அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார். அவர் கையில் ஒரு டிரங்குப் பெட்டி கொடுத்து விட்டிருக்கிறேன். சேலை என்று நினைத்துத் திறந்து ஏமாறாதே. உள்ளே இருப்பது ரயில்! ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் எங்கள் பொம்மைக் கடையில் போட்டுவிட்டுப் போனது. சாவி கொடுத்தால் ஓடும் இஞ்சின், நாலு பெட்டி, ஒரு கட்டு தண்டவாளம்.

நம்முடைய ஊருக்கு ரயில் வரும் வரும் என்று சொல்லிச் சொல்லியே என் அப்பா போய்விட்டார். ரயிலோ தம்பானூரில் வந்து உட்கார்ந்ததுதான், அதற்குத் தெற்கே ஒரு அடி நகரவில்லை. சர்க்கார் போடாவிட்டால் என்ன, நாமே போடுவோம். நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை. மூன்றே ஸ்டாப்.

ரயில் மட்டும் போதாது, கட்டடம் வேண்டும். எங்கள் கடைக்கு இங்கிலாந்திலிருந்து அட்டைக் கட்டடங்கள் வருகின்றன. தட்டையான அட்டையில் சுவர், கூரை, கதவு எல்லாம் அச்சடித்திருப்பார்கள். வெட்டி, மடக்கி, ஒட்டினால் நிற்கும். நாலு எடுத்துக்கொள்ள துரை சம்மதித்துவிட்டார். படம் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன், எது வேண்டும் என்று நீ தேர்ந்தெடு. லேஸ் பின்னும் விரலுக்கு இது சோறு தின்கிற மாதிரி.

எப்போது வருவீர்கள் என்று கேட்காதே. இந்தப் பக்கம் சட்டம் மாறிவிட்டது. இனி ஒருதடவை புறப்பட்டு வந்தால் திரும்ப விடமாட்டார்கள். வந்தால் ஒரே வரவுதான். தமிழ்நாடா மலையாளமா என்ற எல்லைத் தகராறு தீரட்டும், நம்முடைய ஊர் எந்த ராஜ்யத்தில் என்று தெரியட்டும், வாறேன்.

உன்,
ஈசாக்

பாறசாலை, 4-7-1955

அத்தானுக்கு,

பெட்டி வந்தது. அனுப்பிய ஆள் வரவில்லை.

ரயிலைத் தரையில் வட்டமாக ஓட்டிப் பார்த்தேன். சொல்லக்கூடாது, அழகு உண்டு. எலியா வந்தான். என் தம்பிக்குத்தான் இப்போது எல்லைப் போராட்டமே சோறும் தண்ணியும் ஆச்சே, ஊர்வலம் முடிந்து கொடியோடு வந்தவன், கொடியைச் சுவரில் சாத்திவிட்டுக் குப்புறப் படுத்து ரயிலுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான். "அக்கா, இது தமிழ்நாட்டு வண்டியாக்கும்" என்கிறான். போ லே, சாவி கொடுத்தவன் எந்த நாடோ அந்த நாட்டு வண்டி என்றேன்.

படத்தாள் பார்த்தேன். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய ஸ்டேஷன் வேண்டாம், ஒரு தேங்காய் விழுந்தால் போச்சு. ஓட்டுக் கூரை போட்ட சின்ன ஸ்டேஷன் போதும். மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் ஏற்ற ஒரு சரக்குக் கொட்டகை. சிலுவை வைத்த ஒரு கோயில். நாலாவதாக, ஜன்னலில் பூத்தொட்டி வைத்து, வாசலில் குதிரைப் படம் தொங்கவிட்ட ஒரு கட்டடம் இருக்கிறதே, அது. பழைய மிஷன் பங்களா மாதிரி என்ன ஒரு லட்சணம்!

வீடுகள் வரிசையாக உண்டு, நான் எடுக்கவில்லை. நமக்கு வீடு இருக்கிறது.

எந்த ராஜ்யம் என்று தெரிந்த பிறகு வருகிறேன் என்கிறீர்கள். போன வருஷம் மார்த்தாண்டத்தில் போலீஸ் சுட்டதிலிருந்து இங்கே ஆளுக்கொரு ராஜ்யம் சொல்கிறார்கள். ஊர் என்னவோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. பஸ்காரன் கேட்டால் பாறசாலை என்று சொன்னால் போதும், இறக்கி விடுவான்.

ஆனந்தபாய்

கொழும்பு, 20-8-1955

ஆனந்தத்துக்கு,

நாலு அட்டையும் பழைய பேப்பருக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். தபால்காரன் மடக்கியிருந்தால் அவனை நீயே கவனித்துக்கொள், உன் நாக்கு போதும்.

கவனமாகக் கேள். மடக்க வேண்டிய கோட்டில் முதலில் முனை மழுங்கிய கத்தியால் லேசாகக் கீறு, அப்போதுதான் மூலை நேராக வரும். கதவு ஜன்னலை வெட்டிய பிறகே சுவரை நிமிர்த்து. கூரை கடைசி. மைதாப் பசையை நீர்க்கக் காய்ச்சு, கட்டியாகப் போட்டால் அட்டை நெளியும். பிளாட்பாரத்தை ரயில் உரசாமல் தள்ளி வை.

இவ்வளவும் நான் சாமர்த்தியமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கடையில் வாங்க வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடம்.

சுவருக்குள் வெளிச்சம் தெரிய ஜன்னலுக்குப் பின்னால் எண்ணெய்த் தாள் ஒட்டினால் கண்ணாடி மாதிரி இருக்கும். நீ ஒட்டும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் தலை சாய்ப்பாய். அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஈசாக்

பாறசாலை, 16-10-1955

அத்தானுக்கு,

நாலும் எழும்பிவிட்டன. முதலில் ஸ்டேஷன். இந்த மழையில் சுவர் அப்பளம் மாதிரி நெளிந்தது. பெரிய வேதப்புத்தகத்தின் அடியில் வைத்து அமுக்கினேன், நேராச்சு. கர்த்தர் மன்னிக்கட்டும். கரப்பான் பசையைத் தின்ன வந்தது, அதற்கு மயில்துத்தம் கலந்தேன். நீங்கள் மனப்பாடம் சொன்னதில் கரப்பான் இல்லை.

எல்லாக் கட்டடத்துக்கும் புகைக்கூண்டு ஒன்றிரண்டு இருந்தது. எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டேன். இங்கே யாருக்குக் குளிர்கிறது? குடை பிடித்த துரைசாணி ஒருத்தி பிளாட்பாரத்தில் நிற்க அட்டையோடு வந்தாள். அவளுக்கு முண்டும் ரவிக்கையும் வரைந்து, தலையில் மீன் கூடை வைத்தேன். இப்போது நம்மாள்.

மிஷன் பங்களாவைக் கோயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். சபை உபதேசியார் வந்து பார்த்து, "கொள்ளாம், இந்தப் பங்களாவிலயாக்கும் நம்ம போதகர் ஐயர் தங்கணும்" என்று மனசு நிறைந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

டெல்லியிலிருந்து எல்லை அறிக்கை வந்துவிட்டதாம். விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போகுமாம், நம்முடைய நெய்யாற்றின்கரைத் தாலுகா மலையாளத்துப் பக்கமே நிற்குமாம். ஆக நாம் இந்தப் பக்கம். எலியா சாப்பிடாமல் கிடந்தான். "நாம மட்டும் என்ன குத்தம் செய்தோம், அக்கா" என்று கேட்டு அழுதான். அவனைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. சட்டியில் கஞ்சி ஆறிப் போச்சு.

ஸ்டேஷனைத் தை மாசம் ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் காணிக்கையாக வைக்கப் போகிறேன். முதல் குலையும் முதல் முட்டையும் போல எந்தக் கைவேலையிலும் முதலாவது சபை ஏலத்துக்குத்தானே. என் முதல் லேஸ் கைக்குட்டையை ஏலத்தில் எடுத்தவர் நீங்கள். அப்படித்தானே இந்தத் தலையெழுத்து ஆரம்பித்தது.

இனி எந்த ராஜ்யம் என்று தெரிந்தாச்சு. எப்போது வருகிறீர்கள்?

ஆனந்தபாய்

கொழும்பு, 8-11-1955

ஐயோ ஆனந்தம்!

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கடையில் நின்று சிரித்த சிரிப்பில் துரையே எழுந்து வந்துவிட்டார். குதிரைப் படம் தொங்கும் அந்த அழகான கட்டடம் மிஷன் பங்களா இல்லை. அது சாராயக் கடை! இங்கிலாந்தில் குடிக்கிற கடைகளுக்கு அப்படித்தான் படம் தொங்கவிடுவார்கள். அதைக் கோயிலுக்குப் பக்கத்தில் வைத்து, உபதேசியாரை விட்டு ஜெபமும் பண்ண வைத்திருக்கிறாய். நீ படத்தைக் குறித்து அனுப்பியபோதே எனக்குத் தெரியும். என்ன நடக்கிறது பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன்.

இனி விஷயம். அறிக்கையை நானும் இங்கே பேப்பரில் வாசித்தேன். குழித்துறை தமிழ்நாட்டில் வருகிறது. அப்பா எனக்கு விட்டுப் போன தோட்டம் அங்கேதான் இருக்கிறது. நீ பாறசாலை வீட்டை விற்றுவிடு. எலியா உதவுவான். நீ குழித்துறைக்கு மாறியதாக எழுது, நான் மறு கப்பலில் வந்து சேருகிறேன். ஆறேழு மைல் தூரம்தான், ஆனந்தம். இலங்கைக்கு வா என்றா சொல்கிறேன்?

ஸ்டேஷனை ஏலத்தில் விடாதே. ஸ்டேஷன் இல்லாமல் ரயில் எங்கே நிற்கும்?

ஈசாக்

பாறசாலை, 12-2-1956

அத்தானுக்கு,

முதலில் திட்டு. பாவி மனுஷா! ஜெபம் பண்ணிய சாராயக் கடையை என்ன செய்ய? படத்தை உரித்துவிட்டு சிவப்பில் ஒரு சிலுவை போட்டு ஆஸ்பத்திரி ஆக்கினேன். உபதேசியாரிடம் மூச்சு விடவில்லை.

இனி ஸ்தோத்திரப் பண்டிகை. நான் வைத்தேன். பழக்கத்தை மாற்றமாட்டேன்.

பூசணியும் சேனையும் சேவலும் போன பிறகு, உபதேசியார் ஸ்டேஷனை இரண்டு கையாலும் தூக்கி, "ஆனந்தபாயிக்க முதல் அட்டைக் கைவேலை! கேளுங்க மக்கா, கேளுங்க!" என்றார். எல்லோருக்கும் சிரிப்பு. எலியா விலை கேட்டான். அரிசி மில் சத்தியதாஸ் அதற்கு மேலே கேட்டார். எலியா ஏற்றினான். அவர் ஏற்றினார். ஒரு மாட்டுக்குக் கொடுக்கிற விலைக்கு வந்துவிட்டது, சிரிப்பெல்லாம் நின்றது.

நான் போர்டில் தமிழில் மட்டும் பாறசாலை என்று எழுதியிருந்தேன். சத்தியதாஸ் எழுந்து, "எனக்குக் கிட்டினா நான் மலையாளத்தில எழுதுவேன். ஸ்டேஷன் நிக்கது இனி கேரளத்திலயாக்கும்" என்றார். அவருக்கு வியாபாரமெல்லாம் திருவனந்தபுரத்தோடு. எலியா துள்ளிவிட்டான். "வேய், போர்டில தொட்டா கை இருக்காது!" ஒரே பெகளம். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பிளாட்பாரத்துக் கூரை டர்ரென்று கிழிந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து ஆண்கள் பக்கம் போனேன். இரண்டு பேர் கையிலிருந்தும் பிடுங்கினேன். "எந்தப் பாஷையில எழுதினாலும் வண்டி வந்து நிக்கணும், ஆளு எறங்கணும். இது உங்க ரெண்டு பேருக்கும் உள்ளதில்ல. எனக்க மாப்பிள்ளை வந்து எறங்கதுக்கு உள்ள ஸ்டேஷனாக்கும்!" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. ஐயரின் சம்சாரம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அழுதேன், அத்தான். சபை நடுவில் நின்று, மூக்கு ஒழுக அழுதேன்.

காணிக்கையைத் திரும்ப எடுக்கக் கூடாது, யாராவது விலை கொடுத்தே ஆகவேண்டும் என்றார் ஐயர். எலியாவும் சத்தியதாஸும் ஆளுக்குப் பாதி தட்டில் போட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஸ்டேஷனை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். கிழிந்த கூரையை லேஸ் நூலால் தைத்துவிட்டேன், கிட்டத்தில் பார்த்தால்தான் தெரியும்.

ஐந்து வருஷமாக யார் கேட்டாலும் "அவருக்கு அங்க நல்ல சுகம், எனக்கு இஞ்ச நல்ல சுகம்" என்று நிமிர்ந்து நடந்தவள் நான். இப்போது ஊருக்கே தெரிந்துபோனது. மானம் போச்சு. இனி மறைக்க ஒன்றுமில்லை. வாருங்கள்.

வீட்டை விற்கமாட்டேன்.

ஆனந்தபாய்

கொழும்பு, 11-3-1956

என் ஆனந்தத்துக்கு,

கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். எலியாவும் சத்தியதாஸும் இழுத்த இடத்தில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியவன். உன் கையை ஐயரின் சம்சாரம் பிடிக்கும்படி விட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உனக்காக ஒன்று வைத்திருந்தேன், இதோடு அனுப்புகிறேன். கடையில் இருப்பதிலேயே நல்ல அட்டை. வீடு. முன்னால் வராந்தா, இரண்டு அறை, பின்னால் அடுக்களை. இதைக் குழித்துறை ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வை. நம்முடைய வீடு அங்கே எப்படி இருக்கும் என்று கட்டிப் பார், உனக்கே மனசு வந்துவிடும். வீட்டை விற்க வேண்டாம், பூட்டிவிட்டு வந்தால் போதும். இதற்கு மேல் நான் எப்படி இறங்கி வருவது?

ஈசாக்

பாறசாலை, 15-4-1956

அத்தானுக்கு,

வீட்டு அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். கத்தரி படவில்லை. அனுப்பினபடியே இருக்கிறது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கலாம். கோபம்தான். ஆனாலும் யோசித்து எழுதுகிறேன்.

முதலில் எல்லை தீரட்டும் என்றீர்கள். தீர்ந்தது. பிறகு வீட்டை விற்றுவிடு என்றீர்கள். பிறகு பூட்டிவிடு என்றீர்கள். போன வாரம் நான் குழித்துறைச் சந்தைக்குப் போய் அயலை மீன் வாங்கி வந்து மத்தியானம் குழம்பு வைத்தேன். போகும்போதும் வரும்போதும் என்னை யாரும் எந்த ராஜ்யம் என்று கேட்கவில்லை. உங்களைத் தடுப்பது எல்லை இல்லை அத்தான். என் அப்பா எனக்குக் கட்டித் தந்த இந்த வீடு. இதில் வந்து இருந்தால் "வீட்டோட மாப்பிள்ளை" என்று ஊர் சொல்லுமே, அதுதான் உங்கள் எல்லை. கல்யாணத்தன்று உங்கள் சித்தப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போனவர் நீங்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? இவ்வளவு நாள் நான் சொல்லாதது, சொன்னால் உங்களுக்கு வலிக்கும் என்றுதான்.

இந்த வீட்டின் ஓடு ஒழுகியபோது ஏணியில் ஏறி மாற்றியது நான். கிணறு தூர்ந்தபோது ஆள் விட்டுத் தூர் எடுத்தது நான். அப்பா தந்தது சுவர். வீடாக நிற்பது என்னால். இதில் நீங்கள் வந்து இருந்தால் எனக்க மாப்பிள்ளை, வேறு யாருக்கும் மாப்பிள்ளை இல்லை.

நீங்கள் அனுப்பிய நாலையும் ஒற்றைக்கு இருந்து ஒட்டினேன். ஸ்டேஷனை ஒற்றைக்குக் கட்டலாம், கோயிலைக் கட்டலாம், சாராயக் கடையைக்கூடக் கட்டலாம். வீட்டை ஒற்றைக்குக் கட்டமாட்டேன்.

இனி ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

ஆனந்தபாய்

பாறசாலை, 27-5-1956

அத்தானுக்கு,

உங்கள் எழுத்து வரவில்லை. சுகமா? அங்கே மொழிச் சண்டை என்று பேப்பரில் போட்டிருக்கிறது என்று எலியா சொன்னான். ஒரு வரி போடுங்கள். வீட்டைப் பற்றி எழுத வேண்டாம். சாப்பிட்டேன், சுகம் என்று எழுதினால் போதும்.

எழுதியதில் ஒன்றையும் நான் மாற்றமாட்டேன். ஆனால் தபால்காரன் போகும் நேரம் வாசலிலேயே நிற்கிறேன்.

ஆனந்தபாய்

தனுஷ்கோடி, 18-6-1956

என் ஆனந்தத்துக்கு,

தபால் முத்திரையைப் பார். கப்பல் இறங்கிவிட்டேன். இலங்கைப் பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கடைச் சாவியைத் துரையிடம் ஒப்படைத்துவிட்டேன். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன், மணல் காற்று பேனாவை எழுத விடவில்லை.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! என்னைப் பார்த்து ஒரு பெண் இப்படி எழுதுவதா என்று அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சரி, இவள் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன், வீட்டை நானே கட்டி அனுப்பி வைக்கிறேன் பார் என்று அட்டையை மேசையில் விரித்தேன். வருஷக் கணக்காக எத்தனை துரைமாருக்கு எப்படிக் கட்டுவது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! ஒன்றைக்கூடக் கையால் தொட்டுக் கட்டியதில்லை என்று அப்போதுதான் தோன்றியது. முதல் சுவரிலேயே ஜன்னல் போச்சு. வராந்தாவைத் தலைகீழாக மடித்தேன். கூரையை வைத்தால் ஒரு பக்கம் தூக்குகிறது, மறு பக்கம் இடிகிறது. கையெல்லாம் பசை. அப்படியே உட்கார்ந்து விசும்பி அழுதேன், ஆனந்தம். யாரும் பார்க்கவில்லை. நீயாவது சபை நடுவில் அழுதாய், பிடிக்க ஒரு கை இருந்தது.

சித்தப்பா சொன்ன வார்த்தை உண்மைதான், என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இனி யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். வீட்டோட மாப்பிள்ளை என்று தெரு முக்கில் நின்று கூப்பிட்டால் "என்னவாக்கும்?" என்று திரும்பிப் பார்ப்பேன். நான் எந்த ராஜ்யத்துக்கும் வரவில்லை. உன் வீட்டுக்கு வாறேன். பிழைப்புக்கு என்ன செய்வேன் என்று இன்னும் தெரியாது. மில்லில் கணக்கு எழுத சத்தியதாஸிடம் கேட்கலாம், எலியா என்னைக் கொல்லாமல் விட்டால்.

திருநெல்வேலி வரை ரயில். பிறகு பஸ். அந்தப் பக்கம் மறியல் என்று பஸ்ஸை நிறுத்தியிருந்தால் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து நடந்தே வருவேன். இந்தக் கடிதத்தை முந்திக்கொண்டு நானே வந்துவிட்டாலும் வருவேன். அப்படியானால் தபால்காரன் கொண்டு வரும்போது இரண்டு பேருமாக வாசலில் நின்று வாங்குவோம்.

வந்து நிற்கும்போது நீ என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை நாள் லீவு என்று மட்டும் கேட்காதே. லீவு இல்லை, ஆனந்தம். வந்தது வந்ததுதான்.

உன் மாப்பிள்ளை,
ஈசாக்